கன்று ஈன்ற மாடு தீவனத்தை ஒதுக்கினால்: ஈரலையும் கால்சியத்தையும் அறிகுறி வழியே சரிபார்க்கும் முறை

கன்று ஈனுவதற்கு முந்தைய 3 வாரமும் ஈன்றதற்குப் பிந்தைய 3 வாரமும்தான் கறவை மாட்டுக்குக் கண்டம். பால் காய்ச்சல் (கால்சியக் குறைவு), கீட்டோசிஸ், நஞ்சுக்கொடி தங்குதல், கருப்பை அழற்சி, வயிறு இடம் பெயர்தல் என்று மாட்டைச் சாய்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த 6 வாரத்துக்குள் வந்து சேர்கின்றன. மருந்துக்கடையில் இவற்றுக்குத் தனித்தனி பாட்டில்கள் இருக்கலாம். மாட்டின் உடம்பில் இவை ஒன்றையொன்று இழுத்து வருபவை. அந்தச் சங்கிலியின் நடுவில் இருப்பது ஈரல்.

நாம் சாப்பிடும் சர்க்கரை குடல் வழியே ரத்தத்தில் சேர்ந்துவிடும். மாட்டுக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் நொதிக்கவைத்து அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவற்றில் புரோப்பியோனிக் அமிலத்தை எடுத்துத்தான் ஈரல் குளுக்கோஸ் தயாரிக்கிறது. 20 லிட்டர் பாலில் ஏறத்தாழ ஒரு கிலோ லாக்டோஸ் இருக்கிறது. அதற்கான குளுக்கோஸ் முழுவதும் அன்றன்றைக்கு ஈரலில் தயாராக வேண்டும்.

ஈன்றதும் பால் மளமளவென்று ஏறுகிறது; மாடு எடுக்கும் தீவனம் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. விழும் துண்டை ஈடுகட்ட உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தம் வழியே ஈரலுக்கு வருகிறது. அளவாக வந்தால் ஈரல் அதை எரித்துச் சக்தியாக்கிவிடும். அளவு மீறினால் ஒரு பங்கை அரைகுறையாக எரித்துக் கீட்டோன்களாக ரத்தத்தில் விடும் (இவை மிகுவதுதான் கீட்டோசிஸ்), இன்னொரு பங்கைத் தனக்குள்ளேயே கொழுப்பாகத் தேக்கிக்கொள்ளும். தேங்கிய கொழுப்பை வெளியே அனுப்பும் திறன் மாட்டின் ஈரலுக்கு மிகக் குறைவு. கொழுப்பு ஏறிய ஈரலால் போதிய குளுக்கோஸ் தயாரிக்க முடியாமல் போக, மாடு தீவனத்தை இன்னும் ஒதுக்கும், கொழுப்பு இன்னும் கரையும். இறந்த மாட்டைப் பிணப்பரிசோதனை செய்யும்போது இந்த ஈரலைப் பார்த்தால் மறக்க முடியாது. கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிர் மஞ்சளாக வீங்கியிருக்கும். ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

ஆகவே, தீவனம் குறைந்த முதல் நாளே கவனித்தால் பிழைக்க வைப்பது எளிது. நான்காம் நாள் கவனித்தால் செலவும் கூடும், ஆபத்தும் கூடும். கீழே உள்ளவை தமிழ்நாட்டுச் சமவெளியில் நாம் அதிகம் வளர்க்கும் ஜெர்சி கலப்பினத்தையும், ஆங்காங்கே வளர்க்கும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பினத்தையும் மனத்தில் வைத்து எழுதியவை.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு கேள்விகள்

ஈன்று எத்தனை நாள் ஆகிறது? உடல் வெப்பம் எவ்வளவு? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் எந்த பாட்டிலையும் திறக்காதீர்கள். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

வெப்பமானியின் பின்முனையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுநுனியில் துணி மாட்டும் கிளிப்பைக் கோத்து வால் முடியில் மாட்டிவிடுங்கள். சாணி போடும்போது கீழே விழுந்து உடையாது. முனை சாணிக்குள் குத்தி நின்றால் அளவு குறைத்துக் காட்டும். ஆசனவாயின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. சித்திரை வெயிலில் கட்டியிருந்த மாடு நோயில்லாமலே 103ஐத் தொடும் என்பதால் காலையில், நிழலில் வைத்துப் பாருங்கள்.

103க்கு மேல் இருந்தால் கருப்பை, மடி, உண்ணிக் காய்ச்சல் என்று தொற்றைத் தேட வேண்டும். இயல்பைவிடக் குறைந்து, காதும் சில்லிட்டிருந்தால் கால்சியக் குறைவு. வெப்பம் சரியாக இருக்கிறது, தீவனமும் பாலும் மட்டும் இறங்குகின்றன என்றால் கீட்டோசிஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

குச்சித் தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் மெல்கிறது

இதுதான் கீட்டோசிஸின் கையெழுத்து. முதலில் குச்சித் தீவனமும் புண்ணாக்கும் தொட்டியில் மீதமாகும். அடுத்து மக்காச்சோளத் தட்டை, ஊறுகாய்ப்புல். கடைசிவரை வைக்கோலையோ காய்ந்த சோளத்தட்டையோ கொஞ்சம் மென்றுகொண்டிருக்கும். வயிறு உப்பாது, காய்ச்சல் இராது. சாணி கெட்டியாகி, மேலே சளி போர்த்து பளபளக்கும். இரண்டே வாரத்தில் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வரும். மூக்கருகே முகர்ந்தால் சிலருக்கு அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு வாடை தெரியும். எல்லோருடைய மூக்குக்கும் அது பிடிபடாது. வாடை இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஈன்று எத்தனை நாளில் வருகிறது என்பதும் காரணத்தைச் சொல்லும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, பால் உச்சத்துக்கு ஏறும்போது வந்தால் பெரும்பாலும் தீவனப் பற்றாக்குறை. கறவைக்கேற்ற அடர்தீவனம் போகவில்லை. முதல் 2 வாரத்துக்குள்ளேயே வந்தால், அதுவும் கொழுத்த மாட்டில் வந்தால், ஈரலில் கொழுப்பு ஏற்கெனவே ஏறிவிட்டது என்று பொருள். முதல் வகை சிகிச்சைக்குச் சட்டென்று திரும்பும். இரண்டாவது அலைக்கழிக்கும்.

உறுதி செய்வது கடினமில்லை. மனிதர்களின் சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதுவே மாட்டுக்கும் போதும். மாடு படுத்திருந்து எழும் நேரம் பார்த்துப் பின்னால் நில்லுங்கள். எழுந்த உடனே பெரும்பாலும் சிறுநீர் விடும். விடாவிட்டால், ஈனுவாய்க்குக் கீழே உள்ள தோலை விரல் நுனியால் மேலும் கீழுமாக மெல்ல வருடிக்கொண்டிருங்கள். ஒரு நிமிடத்துக்குள் பல மாடுகள் முதுகை வளைத்துச் சிறுநீர் விட்டுவிடும். முதல் பீற்றலை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்துப் பட்டையை நனைத்து, டப்பாவில் சொல்லியிருக்கும் வினாடியில் நிறத்தை ஒப்பிடுங்கள். கால்நடை மருந்தகத்தில் ரோத்தேரா சோதனை செய்வார்கள். ஊதா நிறம் எழுந்தால் கீட்டோன் இருக்கிறது. பாலில் செய்யும் சோதனையிலும் அடர் ஊதா வந்தால் நோய் நன்றாக முற்றியிருக்கிறது. ரத்தத்தில் பார்ப்பதுதான் துல்லியம். பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் வெளியே தெரியாத கீட்டோசிஸ். 3ஐ நெருங்கும் மாடுகளில் பெரும்பாலும் அறிகுறிகள் வெளிப்படையாகவே தெரியும். சாதாரண சர்க்கரைக் கருவி இதைக் காட்டாது, கீட்டோன் பட்டை ஏற்கும் கருவி வேண்டும்.

இனி சிகிச்சை. புரோப்பிலீன் கிளைக்கால் நாளுக்கு ஒரு வேளை 300 மில்லி, 3 முதல் 5 நாள்வரை வாய்வழியே கொடுப்பது உலகெங்கும் முதல் மருந்து. அதில் ஒரு பகுதி நேராகவே ரத்தத்துக்குப் போய், ஈரல் அதிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கிறது. கால்நடைக்கென்று விற்பதை மட்டுமே வாங்குங்கள். வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது கொடிய விஷம். பெயர் ஒத்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். புகட்டும்போது தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காதீர்கள், நாக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள். வாயின் பக்கவாட்டு இடைவெளியில் குழாயை வைத்து, விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். புரை ஏறி நுரையீரலுக்குப் போன மருந்தால் நிமோனியா வந்து சாகும் மாடுகள் உண்டு. கீட்டோசிஸில் தப்பிக்க வேண்டிய மாடு அவசரப் புகட்டலில் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நரம்பில் ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் உடனடிப் பலன் தரும், சில மணி நேரத்தில் தீர்ந்தும்விடும். ஒரு பாட்டில் ஏற்றியதும் மாடு துள்ளி எழுந்து தின்றதைப் பார்த்துவிட்டு, வாய்வழி மருந்தை நிறுத்தினால் மறுநாள் மாலை பழைய நிலைதான். ஸ்டீராய்டு ஊசி, பி12 போன்றவை மருத்துவர் மாட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. காய்ச்சலோ கருப்பைச் சீழோ இருக்கும் மாட்டில் ஸ்டீராய்டு கேடு செய்யும்.

வெல்லம், கருப்பட்டி பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். பாசத்தோடு கொடுப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வாய்வழியே போகும் வெல்லம் முதல் வயிற்றிலேயே நொதித்து அமிலமாகிவிடும். சர்க்கரையாக ரத்தத்தில் சேராது. வாய்க்கு ருசி வர ஒரு கைப்பிடி கொடுங்கள். கிலோக்கணக்கில் கரைத்து ஊற்றினால் கீட்டோசிஸ் மாட்டுக்கு அமில நோயையும் சேர்த்துக் கொடுத்தவர்களாவோம்.

மருந்தைவிட முக்கியம் மாட்டைத் தின்ன வைப்பது. மீந்து கிடக்கும் பழைய தீவனத்தைத் தொட்டியிலிருந்து முழுக்க அள்ளிவிட்டு, அப்போதுதான் அறுத்த கம்பு நேப்பியரையோ அகத்திக் கொத்தையோ கொஞ்சமாகப் போடுங்கள். அதைத் தின்றால் இன்னும் கொஞ்சம். நாளுக்கு இரண்டு வேளை என்ற கணக்கை இந்த வாரம் மறந்துவிடுங்கள். தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். 20 லிட்டர் கறக்கும் மாடு கோடையில் 80 லிட்டருக்கும் மேல் குடிக்கும். இரு வேளை வாளி காட்டுவது போதாது.

பால் குறைகிறது, ஆனால் சங்கத்தில் கொழுப்பு ஏறுகிறது

பால் கூட்டுறவுச் சங்கத்தில் தரும் சீட்டை விலை பார்த்துவிட்டுக் கசக்கி எறிகிறோம். ஈன்ற முதல் ஒன்றரை மாதத்துக்கு அதைப் பத்திரப்படுத்துங்கள். அது இலவசமாகக் கிடைக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

கரைந்து வரும் உடம்புக் கொழுப்பில் ஒரு பங்கு மடிக்குப் போய்ப் பாலில் இறங்குகிறது. அதனால் கீட்டோசிஸின் தொடக்கத்தில் பால் கொழுப்பு கூடும். அதே நேரம் சக்திப் பற்றாக்குறையால் பால் புரதம் குறையும், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கிய திடச்சத்து) இறங்கும். எடுத்துக்காட்டாக, கொழுப்பு 4.2, எஸ்.என்.எஃப். 8.3 என்று காட்டிவந்த மாடு, ஈன்ற மூன்றாம் வாரத்தில் 5.6, 7.9 என்று காட்டுகிறது, பாலும் 2 லிட்டர் குறைந்திருக்கிறது என்று வையுங்கள். கொழுப்பு ஏறியதில் மகிழ ஒன்றுமில்லை. மாடு தன் உடம்பைக் கரைத்துக் கேனில் ஊற்றுகிறது. அன்றே சிறுநீர்ப் பட்டையை எடுங்கள். தொட்டியில் தீவனம் மீந்துபோகும் முன்பே சில மாடுகளில் இந்த மாற்றம் தெரிந்துவிடுகிறது.

ஒப்பிடும்போது காலைச் சீட்டைக் காலைச் சீட்டோடும் மாலையை மாலையோடும் வைத்துப் பாருங்கள். இரு கறவைக்கும் இடைவெளி வேறுபடுவதால் மாலைப் பாலில் கொழுப்பு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். நாலைந்து மாட்டுப் பாலை ஒரே கேனில் ஊற்றுபவர்களுக்கு இந்தச் சீட்டு உதவாது. புதிதாக ஈன்ற மாட்டின் பாலை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை தனியாக எடுத்துப் போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

மருந்து கொடுத்தால் தேறுகிறது, நிறுத்தினால் மீண்டும் விழுகிறது

5 நாள் மருந்துக்குப் பிறகும் மாடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கீட்டோசிஸ் மூல நோயாக இருக்காது. வேறெதுவோ தீவனத்தைத் தடுக்கிறது. கீட்டோசிஸ் அதன் நிழலாக வருகிறது.

முதலில் நினைக்க வேண்டியது நான்காம் வயிறு இடம் பெயர்தல். ஈன்றதும் வயிற்றுக்குள் இடம் காலியாகிறது. கால்சியக் குறைவால் குடலின் அசைவும் மந்தமாக இருந்தால், வாயு நிரம்பிய நான்காம் வயிறு மிதந்து, பெரும்பாலும் இடப்பக்கமாக ஏறிக்கொள்கிறது. ஈன்ற முதல் மாதத்தில்தான் இது அதிகம். மருத்துவர் இடப்பக்கக் கடைசி விலாக்களைச் சுண்டிக்கொண்டே இதயமானியால் கேட்பார். காலிக் குடத்தைத் தட்டினாற்போன்ற கணீர் ஒலி கேட்டால் அதுதான். இதற்கு அறுவை சிகிச்சையோ, மாட்டை உருட்டி நிலைக்குக் கொண்டுவருவதோதான் வழி. உருட்டியது மீண்டும் இடம் மாறுவது சகஜம் என்பதால், நல்ல கறவைக்கு அறுவையே மேல் என்பது என் கருத்து. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் தயங்காமல் கொண்டுபோங்கள்.

அடுத்தது, முற்றிய கொழுப்பு ஈரல். மாடு சோர்ந்து, தலை தொங்கி, எந்த மருந்துக்கும் மந்தமாகவே பதில் சொல்லும். ஈரல் டானிக் பாட்டில்கள் கடையில் வரிசையாக நிற்கின்றன. பசியைச் சிறிது தூண்டலாம். கரைந்து வரும் கொழுப்பை அவை நிறுத்துவதில்லை. ஈரல் கொழுப்பை வெளியேற்றக் கோலின் என்ற சத்து உதவுகிறது. ஆனால் சாதாரணக் கோலினை முதல் வயிறே சிதைத்துவிடும் என்பதால், முதல் வயிற்றைத் தாண்டும்படி பூச்சு கொடுத்த கோலினாக இருக்க வேண்டும். ஈனுவதற்கு 3 வாரம் முன்பே தொடங்கவும் வேண்டும். நோய் முற்றிய பின் வாங்கிப் பயன் குறைவு.

காலில் குளம்பு வலி, வயிற்றில் கம்பி அல்லது ஆணி, மடி நோய் ஆகியவையும் தீவனத்தைத் தடுக்கும். மாட்டைப் பத்தடி நடக்கவிட்டுப் பாருங்கள்.

சுவரை நக்குகிறது, முட்டுகிறது, வட்டமடிக்கிறது

கீட்டோசிஸ் சில மாடுகளில் நரம்பைத் தாக்கும். தன் தோலையும் கட்டுத்தறிக் கம்பத்தையும் ஓயாமல் நக்கும், வெறும் வாயை மெல்லும், எச்சில் ஒழுகும், தலையைச் சுவரில் அழுத்தி நிற்கும். டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஆனால் வெறிநோயும் இப்படித்தான் தொடங்கலாம். எச்சில் ஒழுகும் மாட்டின் தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது ஊரில் பலர் செய்வது. செய்யவே செய்யாதீர்கள். மருந்தும் புகட்டாதீர்கள். மருத்துவர் வந்து பார்க்கும்வரை குழந்தைகளை அண்டவிட வேண்டாம். அந்த மாட்டின் எச்சில் கையில் உள்ள காயத்தில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள்.

ஈன்ற மறுநாள் படுத்துவிட்டது, தலையை விலாவில் சாய்த்துக்கொண்டது

ஈன்று 3 நாளுக்குள், மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட மாட்டில், அதுவும் ஜெர்சி ரத்தம் உள்ள மாட்டில் என்றால் பால் காய்ச்சல்தான் முதல் சந்தேகம். 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. ஒரு மாட்டின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருப்பதோ 3 கிராம் அளவுதான். எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனுக்குடன் வந்து சேராவிட்டால் தசைகள் செயலிழக்கும்.

தொடக்கத்தில் மாடு தள்ளாடும், தொடைத்தசை நடுங்கும், பல்லை நறநறக்கும். பிறகு நெஞ்சு தரையில் பதியப் படுத்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் வைத்துக்கொள்ளும். மூக்கு காய்ந்திருக்கும், காது சில்லிடும், சாணியும் சிறுநீரும் நின்றுவிடும். மூன்றாம் நிலையில் ஒரு பக்கமாகச் சரிந்து நினைவிழக்கும். அதன்பின் சில மணி நேரமே அவகாசம்.

உடனே கால்நடை மருத்துவரையோ 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் ஊர்தியையோ அழையுங்கள். அவர்கள் வரும்வரை செய்ய வேண்டியது: மாடு சரிந்து கிடந்தால் நிமிர்த்தி, இரு பக்கமும் வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுத்து, நெஞ்சில் படுக்க வையுங்கள். சரிந்தே கிடந்தால் வயிற்றில் வாயு ஏறி மூச்சு முட்டும். சிமென்ட் தரையில் இருந்தால் கனமாக வைக்கோல் பரப்புங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம்; விழுங்கும் தசையும் அப்போது வேலை செய்யாது. மடியை ஒட்டக் கறக்காதீர்கள்.

கால்சியம் போரோகுளுக்கோனேட் 450 மில்லி பாட்டிலை நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும், இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே. வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் நன்றாக ஊசி போடுவார் என்பது இதற்குப் போதாது. சரியான மாட்டுக்குச் சரியாக ஏறினால், பாட்டில் முடிவதற்குள்ளேயே உடம்பு நடுங்கும், ஏப்பம் விடும், சாணி போடும், மூக்கில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்க்கும். பல மாடுகள் 2 மணி நேரத்துக்குள் எழுந்துவிடும். எழுந்ததில் நாலில் ஒன்று அடுத்த இரண்டு நாளுக்குள் மீண்டும் படுக்கலாம். அதனால் எழுந்து நின்று, நன்றாக விழுங்குகிற மாட்டுக்கு மட்டும் வாய்வழிக் கால்சியம் தொடர வேண்டும்.

படுக்காமலே கால்சியம் குறைந்த மாடுகள் இன்னும் அதிகம். காது சில்லிட்டு, அசைபோடுவது குறைந்து நிற்கும். இவைதான் அடுத்த வாரம் கீட்டோசிஸில் விழுபவை. குடல் அசையாவிட்டால் தீவனம் இறங்காது. பிறகு கொழுப்பு கரையத் தொடங்கிவிடும்.

சினையின் கடைசி மாதத்தில் தினமும் கால்சியம் டானிக் ஊற்றுவது இதைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கும் சுரப்பி வேலை செய்யப் பழகாது. ஈன்ற அன்று தேவை திடீரென்று எகிறும்போது திணறும். கடைசி 3 வாரம் கால்சியம் டானிக்கை நிறுத்துங்கள். குதிரைமசால், வேலிமசால் போன்ற கால்சியம் மிகுந்த பசுந்தீவனங்களையும் குறையுங்கள். ஈன்ற அன்றே கால்சியத்தைத் தொடங்குங்கள். தாது உப்புக் கலவையை எவ்வளவு தருவது, எதிர்மின் உப்புகள் (ஈனும் முன் கொடுத்துக் கால்சியக் குறைவைத் தடுப்பவை) தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கால்சியம் ஏற்றியும் எழவில்லை

தெளிவாகப் பார்க்கிறது, தின்கிறது, ஆனால் பின்னங்கால் ஊன்றவில்லை என்றால் தசையோ நரம்போ நசுங்கியிருக்கலாம். 500 கிலோ உடம்பு கெட்டித் தரையில் 6 மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் அடிக்காலின் தசை செத்துப்போகத் தொடங்கும். 3, 4 மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் போடுங்கள். மணலும் வைக்கோலும் கலந்த தளம் நல்லது. பாஸ்பரஸ் குறைவையும், கடினப் பிரசவத்தில் இடுப்பு நரம்பு அடிபட்டதையும் மருத்துவர் பார்ப்பார்.

சோர்ந்து, கண் குழிந்து, மடியின் ஒரு பாகம் வீங்கி, பால் மஞ்சள் தண்ணீராக வந்தால் அது கடுமையான மடிநோய். காது சில்லிட்டுப் பால் காய்ச்சல் போலவே தோன்றும். படுத்த மாடு எதுவானாலும் நாலு காம்பிலும் இரண்டு பீற்றல் கறந்து பார்த்துவிடுங்கள்.

இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழவில்லை

ஈன்ற 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிட வேண்டும். விழுந்த கொடியை வைக்கோல் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. விழுந்ததை முழுதாகப் பார்த்து உறுதி செய்ய அந்தப் பழக்கம் நல்லதுதான். தொங்குவதைக் கையால் இழுப்பதும் செங்கல் கட்டித் தொங்கவிடுவதும் கருப்பையைக் கிழிக்கும். ஈரல் சோர்ந்த, கால்சியம் குறைந்த மாட்டில் நோய் எதிர்ப்பு அணுக்களும் சோர்ந்திருப்பதால் கொடி விடுவதில்லை. ஆகவே இளங்கொடி தங்கிய மாட்டை அடுத்த 2 வாரம் கீட்டோசிஸ் சந்தேகத்தோடே பாருங்கள். 10 நாள் தினமும் காலையில் வெப்பம் பார்த்து எழுதுங்கள். 103ஐத் தாண்டி, நாற்றமடிக்கும் செந்நீர் வந்தால் அன்றே சிகிச்சை.

சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது

ஈன்ற 2 முதல் 4 வாரத்தில், நல்ல கறவையில், காய்ச்சல் இல்லாமல் வந்தால் பாஸ்பரஸ் குறைவால் ரத்த அணு உடைகிறது. கண்ணின் உள்ளிமை வெளுத்து, மூச்சு வாங்கும். காய்ச்சலும் உண்ணியும் இருந்தால் உண்ணி பரப்பும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு, இரண்டும் அவசரம். அந்தச் சிறுநீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள்.

கண் மஞ்சளாக இருக்கிறது

ஈரல் என்றதும் மஞ்சள் காமாலைதான் நினைவுக்கு வரும். கொழுப்பு ஈரலில் கண் மஞ்சளாவது அரிது. மஞ்சள் தெரிந்தால் தைலேரியா, அனபிளாஸ்மா போன்ற உண்ணி நோய்கள், உண்ணிச்செடி மேய்ந்த விஷம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஏரி, வாய்க்கால் ஓரம் மேயும் மாட்டில் தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தால் ஈரல் தட்டைப்புழுவுக்குச் சாணிப் பரிசோதனை செய்யுங்கள். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரலை மெல்ல அரிக்கும். அதன் நஞ்சு பாலிலும் இறங்கும். முகர்ந்து மக்கல் வாடை வந்தால், எத்தனை மூட்டையானாலும் கொடுக்காதீர்கள்.

சாணி தண்ணீராக, புளித்த வாடையோடு போகிறது

இது கீட்டோசிஸுக்கு எதிர்த்திசை: அமில நோய். ஈன்ற மாட்டுக்குத் தெம்பு வரட்டும் என்று ரேஷன் அரிசியை வடித்துக் கொட்டியது, கூழும் கஞ்சியும் அண்டா அண்டாவாக வைத்தது, அல்லது அடர்தீவனத்தை ஒரே நாளில் இரட்டித்தது காரணமாக இருக்கும். அரிசியை நிறுத்தி, வைக்கோல் மட்டும் போட்டு, மருத்துவரைக் கேட்டுச் சமையல் சோடா கொடுங்கள். படுத்துவிட்டால் அவசரம். ஈன்ற பிறகு அடர்தீவனத்தை நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஏற்றாமல், இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, உடம்புக்கு ஒன்றரை முதல் 2 கிலோ என்ற அளவுக்குப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும்.

ஈனுவதற்கு முன்பே தீவனம் குறைகிறது

கடைசி வாரத்தில் ஓரளவு குறைவது இயல்பு. கன்று வயிற்றை அடைத்துக்கொள்கிறது, ஹார்மோன்களும் மாறுகின்றன. ஆனால் கொழுத்த சினை மாடு, அல்லது இரட்டைக் கன்று சுமக்கும் மாடு, ஈனும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொட்டியைவிட்டு விலகினால் ஈரலில் கொழுப்பு ஏறத் தொடங்கிவிட்டது. இந்த நிலையில் இறந்துபோகும் மாடுகள் அதிகம்.

மாடு எப்படிக் கொழுக்கிறது என்பதைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். சினை தங்கத் தாமதமாகிறது. கறவை 4 லிட்டருக்கு இறங்கிய பிறகும் பழைய அளவிலேயே அடர்தீவனம் போகிறது. அந்த மிச்சம் முழுவதும் முதுகிலும் வாலடியிலும் படிகிறது. ஆக, கோளாறு விதைக்கப்படுவது பால் வற்றும் முன்னால். பின்னால் நின்று வாலடியின் இருபுறமும் விரலால் அழுத்துங்கள். மெல்லிய குழி தெரிந்து, எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் 5க்கு 3 முதல் 3.5, ஈனும்போது இருக்க வேண்டிய உடல்வாகு அது. குழி நிரம்பி, விரல் மெத்தென்று புதைந்தால் 4க்கு மேல். சினை 5 மாதமாகும்போதே இதைப் பார்த்துவிட்டால் தீவனத்தைத் திருத்த நேரம் இருக்கிறது. ஈனுவதற்கு 2 மாதம் முன்பு பாலை வற்றவிட்ட பிறகு மெலிய வைக்க முயலக் கூடாது. பட்டினி போட்டால் கொழுப்பு கரைந்து ஈரலுக்குத்தான் வரும். உள்ள உடம்பைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்க, வைக்கோல் தாராளமாகவும் பசுந்தீவனம் அளவாகவும் இருக்கட்டும். கடைசி 3 வாரத்தில் அடர்தீவனத்தை ஒரு கிலோவில் தொடங்கி 2, 3 கிலோவரை மெல்ல ஏற்றுங்கள். ஈன்ற பின் தரப்போகும் அதே தீவனமாக இருந்தால் வயிற்று நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும்.

கொழுத்த மாடு அப்படியும் ஈனும் முன் ஒதுக்கத் தொடங்கினால், ஈனட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அன்று காலையே சிறுநீர்ப் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, நிறம் மாறியிருந்தால் ஈனும் தேதி, ஈற்று எண்ணிக்கை, வெப்பம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.